பதினோராவது விரிப்பு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவனை எல்லாரும் வில்லு என்றுதான் கூப்பிட்டார்கள். இடது கை முழங்கையில் கொஞ்சம் வளைந்தே நிற்கும். அதனால் வந்த பெயர். வைத்தது யாரென்று கேட்டால் ஆளாளுக்கு ஒருவரைக் கைகாட்டுவார்கள். உண்மையில் வைத்துக்கொண்டவன் அவனேதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பெயர்களெல்லாம் இதைவிட மோசம். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முந்திக்கொண்டு, என்னை வில்லு என்று கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டான். நாணேற்றினால் வேலை செய்கிற பொருள், கெட்ட பெயரில்லை என்பது அவன் கணக்கு.

பிறந்ததிலிருந்தே அவன் உடம்பின் இடப்பக்கம் இறுக்கம். தசையில் குறை எதுவும் இல்லை, தசைக்கு மூளை அனுப்புகிற சேதிதான் கொஞ்சம் சத்தமாகப் போய்ச் சேருகிறது என்று ஒரு டாக்டர் விளக்கியிருந்தார். மெல்ல நீட்டு என்று மூளை சொன்னால் கைக்கு அது அதட்டலாகக் கேட்கிறது. கை மிரண்டு சுருங்கிக்கொள்கிறது. காலில் இது இன்னும் அதிகம். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான், நெடுந்தூரம் என்றால் ஊன்றுகோல் வேண்டும். ஆனால் மல்லாந்து படுக்க வைத்து, கால்களைப் பட்டையால் பெஞ்சோடு கட்டி, கையில் பளுக்கம்பியைக் கொடுத்துவிட்டால் அவன் வேறு ஆள். மாற்றுத்திறனாளிகளுக்கான பளுதூக்கும் போட்டியில் அதுதான் ஆட்டம். கம்பியை நெஞ்சுக்கு இறக்கி, அங்கே அசையாமல் நிறுத்தி, இரண்டு கையாலும் ஒன்றுபோல மேலே தள்ள வேண்டும். ஒரு கை முந்தி ஒரு கை பிந்தினால் நடுவர்கள் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த விளையாட்டுக்கு அவன் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. நூற்றுப்பத்து கிலோவை நெளியாமல் தள்ளிக்கொண்டிருந்தான்.

அப்படித் தள்ளிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று தொண்ணூற்றைந்து கோணலாகப் போக ஆரம்பித்தது. வலது கை மேலே போய் நின்று திரும்பிப் பார்க்கும். இடது கை பாதி வழியில் யோசித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் என்றால் உடம்பு சரியில்லை என்று விட்டுவிடலாம். மூன்று வாரமாக இதே கதை. மாநிலப் போட்டிக்கு இன்னும் பத்து வாரம்தான் இருந்தது.

பயிற்சி கொடுப்பவர் டயர் கடைக்குப் பின்னால் ஒரு நீளமான அறையில் உடற்பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். மாஸ்டர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். வருகிறவர் யாராக இருந்தாலும், காலிருந்தாலும் இல்லாவிட்டாலும், பெஞ்ச் ஒன்றுதான் என்பது அவர் கொள்கை. கொள்கை நல்லதுதான், ஆனால் வார்ம்அப்பும் ஒன்றுதான் என்று வைத்திருந்தார். சுவரில் ஒட்டிய தாளில் முதல் வரி "கயிறு தாண்டுதல், ஐந்து நிமிடம்" என்று இருக்கும். வில்லுவும் இன்னும் சிலரும் அந்த வரியைக் கண்ணால் தாண்டிவிட்டு இரண்டாவது வரிக்குப் போவார்கள். தோளைச் சுழற்று, ரப்பர் பட்டையை வேகமாக இழு, வெறும் கம்பியைப் பதினைந்து தடவை தள்ளு, பிறகு எடை ஏற்று. அவ்வளவுதான்.

கை பிந்துவதைப் பார்த்த மாஸ்டர், உடம்பு சூடாகவில்லை, எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கு என்றார். வில்லு இரண்டு மடங்காக்கினான். முன்பு இருந்ததே பரவாயில்லை என்கிற அளவுக்குக் கை மோசமாகிவிட்டது. தொண்ணூற்றைந்து தொண்ணூறாக இறங்கியது. மாஸ்டர் அந்தக் கையை அழுத்திப் பார்த்தார்.

"சுட வைக்கச் சுட வைக்க இறுகுற தசையை நான் இப்பத்தான் பார்க்குறேன்" என்றார்.

வில்லுவின் மனைவி பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். பஸ் ஒன்று தாமதமாக வந்தால், அது தாமதமானது இந்த நிறுத்தத்தில் இல்லை, இதற்கு முன்னால் எங்கோ ஒரு நிறுத்தத்தில்தான் என்று நம்புகிறவள். புருஷன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவன் பயிற்சி நோட்டை வாங்கிப் பின்னாலிருந்து புரட்டினாள். கடைசியாக நூற்றுப்பத்து ஒழுங்காகப் போன நாள் எது என்று தேடி அதன்மேல் விரலை வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை.

"அடுத்த திங்கள் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அடுத்த திங்கள் அவனுக்குப் பதவி உயர்வு ஆயிற்று. ஏழு வருஷம் கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவன், அன்றுதான் முதல் மாடியில் துணி வழங்கும் கவுண்ட்டருக்குப் போனான். விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குப் போய், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வாங்கிய வேலை. உட்கார நாற்காலி, பக்கத்தில் ஜன்னல், வார்டு நர்சுகள் கொண்டுவருகிற சீட்டைப் பார்த்து எண்ணிக் கொடுக்க வேண்டியதுதான். அந்த வேலைக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை. ஆனால் தேதி பொய் சொல்லாது என்று அடித்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. வருத்தமெல்லாம் பின்னால் போய்விட்டது. என்னதான் காரணம் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்ற குறுகுறுப்பு முன்னால் வந்துவிட்டது. கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் என்னென்ன வித்தியாசம் என்று இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். கீழே நின்றுகொண்டு வேலை, மேலே உட்கார்ந்து. கீழே ரப்பர் செருப்பு, மேலே தோல் காலணி. கீழே சாப்பாடு இரண்டு மணிக்கு, மேலே ஒரு மணிக்கு. கீழே உலர்த்தி இயந்திரங்களின் வெக்கை, மேலே மின்விசிறி. பட்டியலில் பன்னிரண்டு சேர்ந்தது. ஒன்றை மாற்றும்போது இன்னொன்றில் கை வைக்கக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

முதலில் நாற்காலியைத் தள்ளிவிட்டு நாள் முழுக்க நின்றான். கால் வலித்தது, கை அப்படியேதான் இருந்தது. ரப்பர் செருப்போடு கவுண்ட்டருக்குப் போனான். மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்த்தார், கை திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டை இரண்டு மணிக்குத் தள்ளிப் போட்டதில் வயிறு கத்தியது ஒன்றுதான் பலன். தேநீரை நிறுத்தினான், மறுபடி தொடங்கினான். மூன்று வாரம் இப்படியே போயிற்று. கவுண்ட்டரில் கூட இருந்தவர் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்.

வெக்கையில்தான் முதல் துப்பு கிடைத்தது. உலர்த்தியிலிருந்து விரிப்புகள் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி வரும்; அதைத்தான் ஏழு வருஷம் கையால் அள்ளியிருக்கிறான். வெந்நீர்ப் பையைத் தோளிலும் முழங்கையிலும் வைத்துக்கொண்டு போனபோது கை தளர்ந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் எடை ஏற்றியதும் அந்தத் தளர்ச்சி தூக்கமாக மாறிவிட்டது. எண்பது கிலோவுக்கே கம்பி இடப்பக்கம் சாய, மாஸ்டர் ஓடிவந்து பிடித்தார். பத்து நிமிஷத்தில் அந்தச் சூடும் ஆறி, கை பழையபடி மடங்கிக்கொண்டது. சூடு மட்டும் காரணமில்லை, பாதிக் காரணம் என்று நோட்டில் எழுதி வைத்தான்.

மீதிப் பாதி ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் தட்டுப்பட்டது. கொடியில் காய்ந்த விரிப்புகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையில் அவன், மறு முனையில் மனைவி. வெயிலில் கிடந்த துணி, நல்ல சூடு. மடிப்பும் பழைய மடிப்புதான். கை இப்போது திறந்துவிடும் என்று அவன் காத்திருந்தான். ஆனால் அவள் மடிக்கிற வேகம் கிளம்பிப் போகிற பஸ்ஸின் வேகம். மூன்றாவது விரிப்பில் அவள் ஒரு வெட்டு வெட்டி இழுத்ததும் அவன் இடது கை விசுக்கென்று நெஞ்சுக்குச் சுருங்கியது. கையோடு விரிப்பும் வர, விரிப்போடு அவளும் வந்து அவன் மேல் மோதினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சிரிப்பு அடங்கியதும் வில்லுவுக்கு ஒன்று உறைத்தது. கீழ்த்தளத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. ஏழு வருஷம். முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட அவன் கை இப்படிப் பிடுங்கிக்கொண்டதில்லை. ஏன்?

அங்கே எதிர் முனையைப் பிடித்தவள் மடிப்பக்கா. அவள் மடித்த விரிப்பில் ஓரங்கள் ரம்பத்தால் அறுத்த மாதிரி நேராக நிற்கும் என்பதால் அந்தப் பெயர். வயதில் வில்லுவைவிட இரண்டு வருஷம் சின்னவள். ஆனாலும் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் உட்பட எல்லாருக்கும் அவள் அக்காதான், வில்லுவுக்கும் அக்காதான். பேச்சு குறைவு. ஏழு வருஷம் ஒரே விரிப்பின் இரண்டு முனையில் நின்றும், இருவரும் பேசிக்கொண்டதைச் சேர்த்தால் ஒரு நீண்ட பஸ் பயணத்துக்குத் தேறாது.

மறுநாள் இடைவேளையில் அவன் கீழே இறங்கினான். பதவி உயர்வுக்குப் பிறகு அங்கே போவது அதுதான் முதல் தடவை என்பது படியில் இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று பார்த்தான். மடிப்பக்காவுக்கு எதிரே இப்போது ஒரு வாட்டசாட்டமான ஆள். தள்ளுவண்டியில் புது ஈடு அப்போதுதான் வந்திருந்தது. முதல் விரிப்பை எடுத்த எடுப்பிலேயே இருவரும் பட், பட் என்று உதறி, நாலாய், எட்டாய் மடித்து மேசையில் வைத்து, அடுத்ததற்குப் போய்விட்டார்கள். மூச்சு விடுவதற்குள் ஐந்து விரிப்பு.

வில்லு திகைத்துப்போனான். அவனோடு அவள் ஒரு நாளும் இந்த வேகத்தில் தொடங்கியதில்லை. எப்போதும் நிதானமாகத்தான் ஆரம்பிப்பாள். போகப் போகத்தான் வேகம் பிடிக்கும். அவள் சுபாவமே அது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

மணி அடித்து வேலை நின்றதும் உள்ளே போனான். அவள் துவாலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"ஒரு சந்தேகம் கேட்கலாமா அக்கா?"

"மேல கவுண்ட்டர்ல எது கேட்டாலும் சீட்டு வேணும்பாங்களே" என்றாள் அவள். "சீட்டு எங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல நீ. நோட்டீஸ் போர்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். திங்கக்கிழமை எதிர்ல வேற ஆளு நிக்கிறான்."

சொல்ல வேண்டும் என்று நினைத்தது உண்மை. விண்ணப்பம் போட்டபோதே நினைத்தான், கிடைக்காவிட்டால் வெட்கம் என்று தள்ளிப் போட்டான். கிடைத்த பிறகு, அவளை விட்டுவிட்டு மேலே ஏறிப் போகிற மாதிரி இருக்குமே என்று வாய் வரவில்லை. அதையெல்லாம் கோவையாகச் சொல்லத் தெரியாமல், தப்புதான் என்று மட்டும் சொன்னான்.

"இப்பவும் உனக்கு ஏதோ ஒண்ணு தேவைன்னுதான் வந்திருக்க."

"ஆமா" என்றான் வில்லு.

அவன் மழுப்பாமல் ஒத்துக்கொண்டது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு டம்ளரில் தேநீர் ஊற்றி ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் நோட்டைப் பிரித்து நடந்ததெல்லாம் சொன்னான்: நூற்றுப்பத்து, தொண்ணூறு, செருப்பு, சாப்பாடு, வெந்நீர்ப் பை, மொட்டைமாடியில் மனைவி வந்து மோதியது வரை. கடைசியில், இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை வாரம் என்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

"முதல் பத்து மெதுவா போகணும்" என்றாள். "உன் கை பதினொண்ணாவதுலதான் திறக்கும். அதுவரைக்கும் நான் காத்துக்கிட்டிருப்பேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எதிர்ல நின்னா தெரியாதா?"

பிறகு, அவளாகவே சொன்னாள். அவன் வந்த முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐந்தாறு விரிப்பைப் பிடுங்கிப் போட்டான். மேற்பார்வையாளர் இவன் ஒப்பேற மாட்டான், மாற்று ஆள் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று அவள்தான் கேட்டு வாங்கியிருக்கிறாள். அந்த ஒரு வாரத்தில் விதவிதமாக இழுத்துப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்தால் அவன் கை சண்டைக்கு வந்தது. தொய்வாக விட்டால் எங்கே போவதென்று தெரியாமல் சுருண்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இழுப்பு இருந்தது. எதிரில் ஆள் இருக்கிறது என்று கைக்குத் தெரிகிற அளவு, அதற்கு மேல் இல்லை. அந்த இழுப்பை விடாமல் பிடித்து, அவன் கை தானாக நீளும்வரை நின்றால், ஒவ்வொரு விரிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. பத்து முடிந்தால் போதும். அப்புறம் அவள் வேகத்துக்கு அவன் ஈடு கொடுத்தான்.

வில்லுவுக்குத் தேநீர் ஆறிப்போனது தெரியவில்லை. ஏழு வருஷமாக அவளுக்கு ஈடாக மடிக்கிறேன் என்று உள்ளூர ஒரு பெருமை வைத்திருந்தான். தினமும் காலையில் பத்து விரிப்பு அவள் அவனுக்காக நின்றிருக்கிறாள் என்று கேட்டதும் அந்தப் பெருமையில் ஒரு கீறல் விழத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, விடை கிடைத்துவிட்டது என்ற பரபரப்பு இருந்தது. இன்றைக்கே பார்த்துவிடலாமா என்று கேட்டான்.

அன்று மாலை மடிப்பக்கா அவனோடு டயர் கடைத் தெருவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி விரிப்பு வெளியே போகக் கூடாது என்பதால், வழியில் தன் வீட்டில் ஏறி ஒரு பூப்போட்ட விரிப்பை எடுத்துக்கொண்டாள். இரும்பு எடைகளுக்கு நடுவே இரண்டு பேர் நின்று ஒரே விரிப்பை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்ததைப் பார்த்து அங்கே இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பத்து ஆயிற்று. பதினோராவதில் வில்லுவின் இடது கை தோளுக்கு மேலே போய், முழங்கை ஏறக்குறைய நேராகி நின்றது. எடை ஏற்றினார்கள். தொண்ணூற்றைந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஏறியது.

மாஸ்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. தற்செயலாக இருக்கும் என்று இரண்டு நாள் கழித்து விரிப்பின் மறு முனையைத் தானே பிடித்தார். இருபது வருஷமாக இரும்பு பிடித்த கை. மெல்ல இழுப்பது என்றாலே அவருக்கு வராது. வில்லுவின் கை நான்காவதிலேயே மடங்கிக்கொண்டது. மடிப்பக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து, இவ்வளவுதான், இதற்கு மேல் வேண்டாம் என்று காட்டிக் கொடுத்தாள். அவர் நெற்றி வியர்க்க வியர்க்க அதைப் பழகினார். அதன் பிறகு அவருக்கும் இந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது. விரிப்புக்குப் பதில் நீளத் துவாலை சரிப்படுமா, சூடான துணி எவ்வளவு நேரம் பயன்படும், காலையில் பத்து என்றால் மாலையில் எத்தனை என்று வாரம் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. வேலை முடிந்து வருகிற மாலைகளில், துணி சூடாக இருந்தால், ஆறே போதும் என்று தெரிந்தது. துணியை வெந்நீர்ப் பாட்டிலைச் சுற்றி வைத்தால் சூடு நிற்கும் என்பது மனைவியின் யோசனை. வெறும் கம்பியைப் பதினைந்து தடவை படபடவென்று தள்ளுவதை விட்டு, நாலு எண்ணி இறக்கி நாலு எண்ணி ஏற்றினால் திறந்த கை திறந்தபடியே இருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. அதுதான் மாஸ்டருக்குக் கஷ்டமாகப் போயிற்று. யாராவது கம்பியைத் தூக்கும்போது பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தி உற்சாகப்படுத்துவது அவர் வழக்கம். அந்தச் சத்தத்துக்கு வில்லுவின் இடது கை ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுச் சுருங்குவதை மடிப்பக்கா முதல் நாளே கவனித்திருந்தாள். சொன்னபோது அவர் நம்பவில்லை. கத்தியும் கத்தாமலும் மூன்று மூன்று தடவை பார்த்த பிறகு நம்பினார். அன்று முதல் வில்லு பெஞ்சில் படுத்தால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு, ஆளுக்கொரு தாள் எழுதப்போவதாகவும் சொன்னார்.

போட்டி ஒரு பெரிய உள்ளரங்கத்தில் நடந்தது. மேடைக்குப் பின்னால் வார்ம்அப் அறை. ஆறு பெஞ்ச், சுவர் ஓரமாகச் சக்கர நாற்காலிகள், ஒரு மூலையில் கழற்றி வைத்த செயற்கைக் கால்கள். மனைவிக்கு டிப்போவில் விடுப்பு இல்லை. மாஸ்டரோடு, உதவியாளர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மடிப்பக்கா வந்திருந்தாள். அவள் பையிலிருந்து விரிப்பு வெளியே வந்ததும் ஓர் அதிகாரி வந்து இது என்ன என்று கேட்டார். பெட்ஷீட் என்றாள். எதற்கு என்றார். மடிக்க என்றாள். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விரிப்பு மடிக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எட்டாவது மடிப்பில் இருக்கும்போதுதான் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வில்லு சுற்றிலும் பார்த்தான். இத்தனை வருஷம் போட்டிக்கு வந்தும் இதைக் கவனித்ததேயில்லை; தன் கையைப் பற்றிய கவலையே சரியாக இருந்தது. ஒரு பெண், சக்கர நாற்காலியில் இருந்தவள், கம்பியைத் தொடுவதற்கு முன் கழுத்திலும் கையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சூடேற்றுகிற இடத்தில் இவள் குளிர வைக்கிறாளே என்று இருந்தது. கேட்டே விட்டான். முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து நெஞ்சுக்குக் கீழே வியர்ப்பதில்லை, சீக்கிரம் கொதித்துப் போகும், அதனால் வார்ம்அப்பைப் பாதியாக்கி இடையில் ஆற வைக்கிறேன் என்றாள். ஒரு கால் இல்லாத நடுத்தர வயதுக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இல்லாத காலின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுகிறேன், அதைச் செய்யாவிட்டால் படுத்ததும் அந்தக் கால் வலிக்க ஆரம்பித்துவிடும் என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். அவர்களும் அவனிடம் விரிப்பைப் பற்றிக் கேட்டார்கள். நடுத்தர வயதுக்காரர் தானும் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்கு இதில் ஒன்றும் ஆகவில்லையே என்று திருப்பிக் கொடுத்தார்.

முதல் முயற்சியில் நூறு. மூன்று வெள்ளை விளக்கு. இரண்டாவதில் நூற்றெட்டு, ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை, அதனால் செல்லும். மூன்றாவதற்கு நூற்றுப்பன்னிரண்டு கேட்டிருந்தான். இதுவரை தொட்டிராத எடை. ஆனால் அதற்குள் மேடையில் நடுவர்களின் விளக்குப் பலகை பழுதாகி, சரிசெய்ய இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மடிப்பக்கா மறுபடி விரிப்பை எடுத்தாள். துணி ஆறிப்போயிருந்தது. ஐந்தாவது மடிப்பில் கை திறக்க ஆரம்பித்த நேரத்தில் அவனை அழைத்துவிட்டார்கள். கம்பி நெஞ்சிலிருந்து நன்றாகத்தான் கிளம்பியது. பாதி வழியில் இடது கை நின்றது. மூன்று சிவப்பு.

ஒன்பது பேரில் ஆறாவது இடம். மாஸ்டருக்கு முகம் விழுந்துவிட்டது. வில்லுவுக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் பட்டையை அவிழ்த்து எழுந்து உட்காரும்போதே அவன் மனம் வேறு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது: காத்திருக்கிற நேரத்தில் கையை மூடவிடாமல் வைக்க என்ன வழி? அந்தக் கேள்விக்கு விடை அவனுக்கும் தெரியாது, மடிப்பக்காவுக்கும் தெரியாது. அது ஒருவிதத்தில் நன்றாகக்கூட இருந்தது.

பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தபோது வார்ம்அப் அறை காலியாகிவிட்டது. மாஸ்டர் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மடிப்பக்கா ஒரு பெஞ்ச் அருகில் போய், குளிர்ந்த கம்பியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாள் பக்கத்தில் நின்றும் அவள் அதைத் தொட்டதில்லை.

"படுத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

வெறும் கம்பி இருபது கிலோ. அவள் படுத்தாள். வில்லு தலைமாட்டில் நின்று கம்பியின் நடுவில் வலது கையை வைத்துக்கொண்டான். மாஸ்டரும் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாக இறக்கச் சொன்னார்கள், இறக்கினாள். நெஞ்சில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். பிறகு தள்ளினாள். கம்பி மேலே வந்தது. ஆனால் நேராக வரவில்லை. இடது கை முன்னால் போக, வலது கை ஒரு சாண் பின்தங்கி, நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

மாஸ்டர் இதைக் கவனிக்கவில்லை. வில்லு கவனித்தான். தலைமாட்டிலிருந்து பார்த்தால் அவள் வலது தோளை மேலே இழுத்துக் காதோடு சேர்த்துக்கொள்வது தெரிந்தது. கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு, இன்னொரு தடவை என்றான். அதே மாதிரிதான் வந்தது. ஏழு வருஷம் இவளுக்கு எதிரில் நின்றும் இது அவன் கண்ணில் பட்டதில்லை.

"வலது தோள் எப்பலேருந்து வலிக்குது அக்கா?"

அவள் எழுந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"நாலு வருஷமா" என்றாள்.

அவன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காலையில் அதிகமா, மாலையில் அதிகமா என்று கேட்டான். உதறும்போது வலிக்கிறதா, தூக்கி வைக்கும்போதா? எத்தனையாவது விரிப்பில் தொடங்கும்? அவள் முதலில் சும்மா இரு என்றாள். பிறகு ஒவ்வொன்றாக யோசித்துப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவன் பயிற்சி நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டான்.